நின்றால் வண்டி

சண்முகக்கனியை இலகுரக வாகனம் என்று பதிந்துகொண்டபோது மணி பதினொன்று பத்து. சீட்டில் நேரம் தெளிவாக அச்சாகியிருந்தது. நிறம் என்ற இடத்தில் கத்தரிப்பூ என்று போட்டிருந்தார்கள். அது அவள் கட்டியிருந்த சேலையின் நிறம். சீட்டில் பிழை எதுவும் இல்லை.

இது நடந்தது கூழாங்கல் ஓடைக் காட்டின் வாகன நிறுத்தத்தில். அந்தக் காட்டுக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தத்தான் கட்டணம். காட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்று கட்டணம் வைத்தார்கள். கட்டணம் வசூலிக்க இடம் வேண்டும் என்று காட்டில் பாதியை வெட்டினார்கள். பாதிக் காட்டைப் பராமரிக்கச் செலவும் பாதிதான் என்று தெரிந்ததும், நிர்வாகம் மகிழ்ந்துபோய் மீதியிலும் பாதியை வெட்டியது. இப்போது வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசைக்குப் போனால் காடு தெரியும் என்கிறார்கள்.

சண்முகக்கனியின் கணவர் திரவியம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். எதையும் வரிசைப்படி செய்கிற ஆள். கடைசி மகளைக் கட்டிக்கொடுத்த மறுவாரம் சண்முகக்கனி கேட்டாள், "ஒரு நாள் அந்தக் காட்டப் பாத்துட்டு வருவமா?" இதை அவள் முதலில் கேட்டது கல்யாணமான புதிதில். அவர் சரி என்றது இப்போதுதான். புளிச்சோறும் பருப்புத் துவையலும் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார்கள்.

நிறுத்தம் நிரம்பி வழிந்தது. ஒரு புங்க மரத்தடியில் மட்டும் ஒரு வண்டிக்கான இடைவெளி இருந்தது.

"ஏட்டி, எறங்கி அந்த எடத்துல நில்லு. ஒருத்தனையும் விட்டுராத. நான் வளைச்சுக் கொண்டாரேன்" என்றார் திரவியம்.

அவர்கள் ஊரில் இடம் பிடிக்காமல் எதுவும் நடக்காது. பேருந்து என்றால் சன்னல் வழியாகத் துண்டு. கல்யாணப் பந்தி என்றால் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள். அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். சண்முகக்கனி அதில் தேர்ந்தவள். இறங்கி, சோற்றுப்பையை ஒரு பக்கமும் முந்தானையை ஒரு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு, இடைவெளியின் நடுவில் அசையாமல் நின்றாள். இரண்டு கார்கள் அவளைப் பார்த்துத் தயங்கி, பின்வாங்கிப் போயின.

திரவியம் ஸ்கூட்டரை வளைத்தார். அந்த வளைவு நேற்றுவரை சிறியதாக இருந்ததாம். அவர் வளைந்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. வழியில் இரண்டு வேகத்தடைகளும் ஒரு டீக்கடையும் வந்தன. திரும்பி வந்து பார்த்தபோது சண்முகக்கனியின் நெற்றியில், பொட்டுக்குச் சற்று மேலே, சீட்டு ஒட்டியிருந்தது. இடது கணுக்காலில் மஞ்சள் நிறப் பூட்டு மாட்டியிருந்தது.

பக்கத்தில் சீட்டு இயந்திரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒருவர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். காலை மாற்றி மாற்றித் தூக்கினார். சட்டைப்பையில் ஆறுமுகநயினார் என்று பெயர் குத்தியிருந்தது. நிறுத்தத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள்.

"இவ என் சம்சாரம்" என்றார் திரவியம்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. யாரு இல்லன்னு சொன்னா?"

"அவ மேல எதுக்குவே சீட்டு ஒட்டினீரு?"

"நின்னாவல்லா?"

"எடம் பிடிச்சு நின்னா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். நடந்தா ஆளு. நின்னா வண்டி. அந்தா போர்டு. நீங்களும் கொஞ்சம் கால ஆட்டிக்கிடுங்க அண்ணாச்சி. ஏற்கெனவே அரை நிமிசம் ஆச்சு."

திரவியம் காலை ஆட்டிக்கொண்டு பலகையைப் படித்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. அப்போதுதான் அவர் சுற்றிலும் கவனித்தார். வந்திருந்த குடும்பங்கள் எல்லாம் நடந்துகொண்டிருந்தன. ஒரு குடும்பம் நடந்தபடியே தயிர்ச்சோறு சாப்பிட்டது. அப்பா தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, மற்றவர்கள் எட்டிப்போட்டு அதில் கை விட்டார்கள். ஊறுகாய் வைத்திருந்தவர் வேகமாக நடக்கிறவர். அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஒரு மயில் களைத்துப்போய் மதிலில் உட்கார்ந்தது. நயினார் அங்கே ஓடிப்போய் அதன் தோகையில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுத் திரும்ப வந்தார்.

ஸ்கூட்டரை நிறுத்த இப்போது இடம் இல்லை. திரவியம் அதை மெதுவான ஓட்டத்தில் விட்டுவிட்டு இறங்கினார். அது தானாக வரிசைகளுக்குள் சுற்றத் தொடங்கியது. ஓடுகிற வண்டிக்குக் கட்டணம் இல்லை.

"சரி, எவ்வளவோ அதக் கட்டிருதேன். பூட்டக் கழட்டும்."

"கட்டணம் நிக்கதுக்கு. எடுத்துட்டுப் போறதுக்கு உரிமையாளர்னு ஆதாரம் வேணும். ஆபீஸ்ல போயி உத்தரவு வாங்கிட்டு வரணும். போன மாசம் ஒருத்தரு இன்னொருத்தரு வண்டியக் கொண்டுட்டுப் போயிட்டாரு. நல்லா ஓடுதுன்னு திருப்பியே தரல."

"எத்தன மணிக்குள்ள வரணும்?"

"அஞ்சரை. அதுக்குள்ள எடுக்காத வண்டியப் பின்வரிசைக்குத் தள்ளிருவோம்."

"பின்வரிசையில என்ன?"

நயினார் கையை நீட்டிக் காட்டினார். தூரத்தில் மரங்கள் ஒரே இடைவெளியில் நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதியிருந்தது. ஒரு தேக்கின் கிளையில் தலைக்கவசம் தொங்கியது. ஒரு மருதத்தின் பட்டைக்குள் கைக்கடிகாரம் பாதி புதைந்திருந்தது. அது சரியான நேரம் காட்டியது. பதினொன்று முப்பத்தைந்து.

"போன வருசம் மட்டும் நானூத்திப் பன்னெண்டு. நட்டது ஒன்னுகூட இல்ல. எல்லாம் எடுக்காம விட்டதுதான்" என்றார் நயினார். "காடு வளத்ததுக்குக் கேடயம் குடுத்திருக்காவ. ஆபீஸ்ல மாட்டியிருக்கும், பாருங்க."

திரவியம் மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, பயப்படாத. போயிட்டு ஓடி வந்திருதேன்."

"மெதுவாப் போயிட்டு வாங்க" என்றாள் சண்முகக்கனி. "இங்கன வெயில் இல்ல. காத்தும் வருது. நின்னு எத்தன நாளாச்சு."

அலுவலகம் நுழைவாயிலுக்கு அடுத்தபடியாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரம். திரவியம் நடக்க நடக்க அது அதே தூரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. வரிசை எண்கள் நூற்றைத் தாண்டின, ஆயிரத்தைத் தாண்டின. வழியில் ஒரு மரத்தில் கைப்பேசியில் பணம் கட்டுவதற்கான கட்டம் வரைந்திருந்தது. மரம் பருத்ததில் கட்டம் விரிந்து, பணம் வேறு யாருக்கோ போகிறதாம். யாருக்கென்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. அந்த ஆள் ஒவ்வொரு முறையும் தவறாமல் நன்றி தெரிவித்துச் செய்தி அனுப்புகிறார். திரவியத்தின் ஸ்கூட்டர் மூன்று முறை அவரைக் கடந்து போனது. நிற்கவில்லை. ஒலி மட்டும் எழுப்பியது.

ஒரு மணிக்கு அலுவலகம் வந்து சேர்ந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை. இரண்டரைக்குச் சன்னலைத் திறந்தார்கள். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். மேசையில் ஜெபசெல்வி என்ற பலகை. அவருக்குப் பின்னால் கேடயம் இருந்தது.

"மீட்பு விண்ணப்பமா? சொல்லுங்க, நானே எழுதிக்கிடுதேன். நீங்க எழுதுனா அடிச்சுத் திருத்துவீங்க. என்ன வண்டி?"

"வண்டி இல்ல மேடம். என் வீட்டுக்காரி."

"அது பேரு. என்ன வண்டின்னு கேட்டேன். சரி, இலகுரகம். தயாரிப்பு வருசம், தேதி?"

திரவியம் யோசித்தார். ஊரில் எந்த வீட்டு மீட்டர் எண்ணைக் கேட்டாலும் இன்றும் தூக்கத்தில் சொல்வார்.

"வைகாசி மாசம்" என்றார். "வைகாசின்னுதான் நெனைக்கேன்."

"தேதி தெரியலன்னு போட்டுக்கிடுதேன். உங்க கைக்கு வந்து எத்தன வருசம்?"

"முப்பத்தொன்னு."

"முன்னாடி யாரு ஓட்டினா?"

"அவங்க அப்பா. இங்க வந்த பிறகு எங்க அம்மா இருக்க வரைக்கும் எங்க அம்மாதான். அதுக்கப்புறம் நானு."

"கடைசியா சர்வீஸ்?"

"போன வருசம் ஒரு பல்லு எடுத்தோம்."

"மைலேஜ்?"

"காலையில ஒரு காப்பி குடிச்சான்னா மத்தியானம் வரைக்கும் வருவா."

ஜெபசெல்வி கண்ணாடியைத் தூக்கி அவரைப் பார்த்தார். "நல்ல வண்டியால்லா இருக்கு" என்றார். "இதையா நடு மைதானத்துல விட்டுட்டு வந்திய?"

"எடம் பிடிக்கத்தான் மேடம் நிக்கச் சொன்னேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. சரி, உரிமைக்கு ஆதாரம் என்ன வச்சிருக்கீங்க?"

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. கைப்பேசியில் கல்யாணப் புகைப்படம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினார். அதில் திரவியம் சிரித்துக்கொண்டு இருந்தார். சண்முகக்கனியின் முகத்தை மாலை மறைத்திருந்தது.

"மாலைக்குப் பின்னாடி யாரு வேணா இருக்கலாம்" என்றார் ஜெபசெல்வி. "ரேசன் கார்டு இருக்கா?"

திரவியம் எப்போதும் அதைப் பணப்பையில் வைத்திருப்பார். எடுத்து நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆவணங்களை ஒழுங்காக வைத்திருக்கிறவனுக்கு உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும் என்பது அவருடைய எண்ணம்.

ஜெபசெல்வி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். திருப்பிப் படித்தார். பிறகு விண்ணப்பத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"குடும்பத் தலைவின்னு யாரு பேரு போட்டிருக்கு?"

"அவ பேருதான். மூனு வருசம் முந்தி மாத்தினோம். தலைவி பேருக்கு மாசாமாசம் என்னமோ வரும்னு சொன்னாவ. நான்தான் ரெண்டு நாள் வரிசையில நின்னு மாத்திக் குடுத்தேன்."

"நின்னிய?"

"ஆமா, ரெண்டு நாளும் நின்னேன்."

"அது எங்க எல்லைக்கு வெளிய. விடுங்க." அட்டையில் விரலை வைத்தார். "உறுப்பினர்னு மொத வரியில இருக்கது யாரு?"

"நானு."

"அப்ப அவங்க உங்க பேர்ல இல்ல. நீங்கதான் அவங்க பேர்ல இருக்கிய. உரிமையாளர நிறுத்தி வச்சுட்டு வண்டி ஊரச் சுத்திக்கிட்டு இருக்கு. இங்க வந்து எவ்வளவு நேரமா நிக்கிய?"

திரவியம் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். அவை நின்றுகொண்டிருந்தன.

உத்தரவு உடனே தயாரானது. அங்கே வேலை அவ்வளவு சுத்தம். உரிமையாளரை விடுவித்து, அதே இடத்தில் வாகனத்தை நிறுத்த வேண்டும் என்று இரண்டு வரி. திரும்பிப் போகிற வழி மிகவும் குறைந்துவிட்டது. திரவியம் சன்னலிலிருந்து திரும்பியதும் புங்க மரத்தில் மோதிக்கொண்டார்.

நயினார் உத்தரவைப் படித்துவிட்டுச் சண்முகக்கனியின் காலைத் தொட்டுப் பூட்டைக் கழற்றினார். நெற்றிச் சீட்டைப் பொட்டு கலையாமல் உரித்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க மதினி. நீங்கதான் ஓனர்னு யாரும் சொல்லல."

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றாள் சண்முகக்கனி.

பூட்டு திரவியத்தின் காலுக்கு மாறியது. அவர் எதிர்த்துப் பேச வாயைத் திறந்தார். நயினார் கையமர்த்தினார்.

"கழுத்த எடப்பக்கமா ஒடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஹேண்டில் லாக். இன்னும் கொஞ்சம். ஆங்."

ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. அதற்குமேல் திரவியத்தால் இடது பக்கம் மட்டுமே பார்க்க முடிந்தது. அந்தப் பக்கம் வெளியேறும் வாயிலும் ஒரு கடிகாரமும் இருந்தன. மூன்று நாற்பது.

"ஏட்டி, உடனே எடுத்துட்டுப் போயிரு. வீட்டுக்குப் போயிருவோம்."

சண்முகக்கனி சோற்றுப்பையைத் தோளில் மாட்டினாள். "வந்தது வந்தாச்சு. ஒரு எட்டுக் காட்டப் பாத்துட்டு வந்திருதேன்."

"அஞ்சரைக்கு..."

"தெரியும். நானும் காலையிலருந்து இங்கனதான் நிக்கேன்."

அவள் காலடிச் சத்தம் வலது பக்கமாகப் போனது. அந்தப் பக்கம் திரவியத்தால் திரும்ப முடியவில்லை.

ஒரு பெரிய வேன் பின்னால் வந்தது. நயினார் திரவியத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார். "வரட்டும். வரட்டும். ஒடிச்சு வரட்டும். அந்தப் பெருசுமேல உரசாம வரட்டும். போதும்!" வேனின் சூடு திரவியத்தின் பின்னங்கழுத்தில் பட்டது. சற்று முன்புவரை அவர் அண்ணாச்சியாக இருந்தார்.

இடது பக்கத்துக் கட்டத்தில் வேட்டி கட்டிய ஒருவர் நின்றார். சாத்தூர்க்காரர். முந்தாநாள் வந்தவராம். ஒரு நாளைக்கு இரண்டு முறை அவர் தம்பி வந்து கட்டணத்தை நீட்டித்துவிட்டுப் போகிறான். நேற்று ஒரு முறைதான் வந்தான். இன்று இன்னும் வரவில்லை. அவர் காதுக்குப் பின்னால் இரண்டு இலைகள் முளைத்திருந்தன.

"உங்களுக்கு யாரு வருவா?" என்று கேட்டார் சாத்தூர்க்காரர்.

"வீட்டுக்காரி."

"வருவாங்களா?"

"வருவா. வராம எங்க போவா?"

சாத்தூர்க்காரர் வெளிவாயிலையே பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் திரவியத்தை உறுத்தியது.

அவருக்கு முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, இவள் வராமல் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வரிசைப்படி யோசித்தார். அவள் வருவதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். சோறு பொங்க வேண்டும், வருவாள். துணி எடுக்க வேண்டும், வருவாள். எல்லாமே அவர் வீட்டில் இருந்தால்தான் அவளுக்கு உண்டாகிற வேலைகள். பட்டியலை அத்துடன் நிறுத்திக்கொண்டார். செருப்புக்கு அடியில் ஏதோ குறுகுறுத்தது. உள்ளங்காலிலிருந்து மெல்லிய நூல் போல ஒன்று மண்ணுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

ஐந்து மணிக்கு ஸ்கூட்டர் வாயில் வழியாக வெளியே போனது. வீட்டுக்குத்தான் போயிருக்கும். அதற்கு வழி தெரியும்.

நீட்டித்த நேரம் முடிந்ததும், ஐந்து பத்துக்குச் சாயவாளியுடன் ஒருவர் வந்து சாத்தூர்க்காரரின் மார்பில் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதினார். "கூசுது" என்றார் சாத்தூர்க்காரர். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. நான்கு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். திரவியத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினார். கை பாதிவரை வந்தது, அங்கேயே ஒரு கிளை மாதிரி நின்றுகொண்டது.

ஐந்து இருபத்திரண்டுக்கு வலது பக்கத்தில் மெட்டிச் சத்தம் கேட்டது. சண்முகக்கனி சுற்றி நடந்து இடது பக்கம் வந்தாள். கொண்டையில் பெயர் தெரியாத காட்டுப்பூ. முகம் வேர்த்திருந்தது. அவளை அப்படி ஒரு முகத்தோடு அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தேதியாவது நினைவிருக்கும்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் திரவியம். குரல் கரகரத்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. நடந்துகிட்டேதான் பாத்தேன். ஓடையில மட்டும் ஒரு நிமிசம் நின்னேன். சீட்டு ஒட்டுனா ஒட்டட்டும்னு நின்னேன்."

"சரி, சரி. ஏட்டி, எடுத்துட்டுப் போ. மணியப் பாரு."

நயினார் சாவிக்கொத்துடன் வந்தார். குனிந்து பூட்டில் சாவியை நுழைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல நிமிர்ந்தார்.

"மதினி, லைசென்ஸ் இருக்குல்லா?"

"என்ன லைசென்ஸ்?"

"வண்டிய வெளிய ஓட்டிட்டுப் போறதுக்கு. லைசென்ஸ் இல்லாதவக கையில வண்டியக் குடுத்தா எனக்கு வேல போயிரும்."

சண்முகக்கனி நயினாரைப் பார்க்கவில்லை. திரவியத்தைப் பார்த்தாள்.

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கேன்னு கேட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "பக்கத்து வீட்டு டீச்சர் கூட்டிட்டுப் போறேன்னாங்க. நீ எதுக்குட்டி படிக்க, நான்தான் இருக்கேனேன்னு சொன்னீங்க."

அது திரவியம் சொன்னதுதான். இருக்கவும்தான் செய்தார்.

"இப்ப என்ன செய்யணும் தம்பி?" என்று சண்முகக்கனி கேட்டாள்.

"எல்.எல்.ஆர். போடணும். அதுக்கப்புறம் ஒரு மாசம் கழிச்சு எட்டுப் போட்டுக் காட்டணும். கால ஊனாமப் போட்டியன்னா குடுத்துருவாவ."

"ஒரு மாசமா!" என்றார் திரவியம். வாயிலிருந்து ஒரு சருகு விழுந்தது.

கடிகாரத்தில் ஐந்து இருபத்தெட்டு. சாயவாளிக்காரர் தூரிகையை உதறிக்கொண்டு வந்து திரவியத்தின் மார்பை அளந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, அடுத்த எண் என்ன என்று நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

சண்முகக்கனி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.

"தம்பி, மாசப் பாஸ் உண்டா?"

"உண்டே. மாசப் பாஸ் போட்டா யாரும் தொட மாட்டாவ."

"அப்ப ஒன்னு போடுங்க."

இயந்திரம் கிறீச்சிட்டுச் சீட்டைத் துப்பியது. நயினார் அதை நாக்கில் ஈரமாக்கி, திரவியத்தின் நெற்றியில் ஒட்டி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டார். சாயவாளிக்காரர் சலித்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போனார். பூட்டில் நுழைத்த சாவியை நயினார் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"பொறத்த பக்கம் ஒரு அடி கோணலா நிக்கி" என்று திரவியத்தின் இடுப்பில் கை வைத்து நேராகத் தள்ளிவிட்டுப் போனார்.

சண்முகக்கனி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். காதுக்குப் பின்னால் முளைத்திருந்த ஒரு சிறிய தளிரைக் கீரை கிள்ளுவதுபோலக் கிள்ளி எறிந்தாள். சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுவிட்டாள்.

"அஞ்சு நாப்பதுக்குப் பஸ்ஸு" என்றாள். "நாளைக்கே டீச்சர்ட்ட கேக்கேன். எட்டுப் போட உங்களத்தான் கொண்டுபோகணும். வேற வண்டிக்கு நான் எங்க போவேன். அதுவரைக்கும் காத்து எறங்கிராமப் பாத்துக்கிடுங்க."

அவள் வாயிலைத் தாண்டிப் போகும்வரை அவரால் பார்க்க முடிந்தது. நல்ல வேளையாக வாயில் இடது பக்கம் இருந்தது.

திரவியம் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார். வெளியே விடாமல் பிடித்துக்கொண்டார்.